ஞானஸ்நானமும் விலங்கும்: கார்த்தஹேனா நகரின் கேள்வி

கொலம்பியாவின் வடக்குக் கரையில், கரீபியன் கடலை நோக்கி மதிலுக்குள் அமைந்திருக்கிறது கார்த்தஹேனா. 1533-இல் பேத்ரோ தே எரேதியா என்ற ஸ்பானியத் தளபதி இதை நிறுவினார். தென்னமெரிக்காவின் பொன்னையும் வெள்ளியையும் சுமந்து செல்லும் கப்பல் அணிகள் இங்கே தங்கிச் சென்றதால் ஊர் செழித்தது. கொள்ளையரும் பகை நாட்டுக் கடற்படைகளும் குறிவைத்ததால் கோட்டைகள் எழுந்தன. அந்தத் துறைமுகமும் கோட்டைகளும் பழைய கட்டடங்களும் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மர உப்பரிகைகளில் படர்ந்த காகிதப்பூக் கொடிகளையும் மதில்மேல் மாலைக் காற்றையும் தேடி வருபவர்களே இன்று அதிகம். ஆனால் இந்நகரின் முக்கியமான இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருபவருக்கு ஓர் அறக் கேள்வி தானாகவே எழும். அநீதியான ஓர் ஏற்பாட்டை எதிர்க்காமல், அதில் நசுங்கியவர்களுக்கு ஒருவர் ஆயுள் முழுவதும் தொண்டு செய்தால், அந்தத் தொண்டு முழுமையான அறம் ஆகுமா? கிறிஸ்தவ இறையியல் இந்தக் கேள்வியை இந்த ஊரில் மிக அருகில் சந்தித்தது. சந்தித்த விதமும் இங்கே கட்டடங்களாக நிற்கிறது.

மணிக்கூண்டு வாசலைத் தாண்டியதும் வருவது வண்டிச் சதுக்கம். சதுக்கத்தின் ஓரத்தில், வளைவுகள் கொண்ட நீண்ட தாழ்வாரத்தில் மிட்டாய்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேங்காய்த் துருவலைச் சர்க்கரைப் பாகில் கிளறிச் செய்த கோகாதாவும் மரவள்ளிக் கிழங்குப் பலகாரமும் கண்ணாடி ஜாடிகளிலும் தட்டுகளிலும் அடுக்கப்பட்டிருக்கும். நடுவே எரேதியாவின் சிலை. இந்த இடத்தில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்கள் விற்கப்பட்டார்கள். 1595 முதல் 1640 வரை, போர்ச்சுகீசிய வணிகர்கள் ஸ்பானிய அரசிடம் குத்தகை எடுத்து இந்த வியாபாரத்தை நடத்திய காலத்தில், ஸ்பானிய அமெரிக்காவுக்கான தலைமைத் துறைமுகம் கார்த்தஹேனாவே. அந்தக் காலத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே இறக்கப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். மேல் கினியாக் கரையிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் வந்தவர்கள் பெரும்பகுதியினர். விற்பனைக்கு முன் அவர்களை இருண்ட கிடங்கு வீடுகளில் அடைத்து வைத்தார்கள். விலை ஏற வேண்டுமே என்பதற்காக உடம்பைத் தேற்றினார்கள். அவர்களில் பலர் இங்கிருந்து லிமா வரைக்கும் அனுப்பப்பட்டார்கள்.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் புனித பேத்ரோ கிளாவேர் தேவாலயமும் அதை ஒட்டிய மடமும் இருக்கின்றன. பலிபீடத்துக்குக் கீழே கண்ணாடிப் பேழையில் அவருடைய எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மடத்தின் நடுவில் மரங்கள் அடர்ந்த முற்றம். அவர் தங்கிய அறையையும் பார்க்கலாம். கத்தலோனியாவின் வெர்து என்ற சிற்றூரில் 1580-இல் பிறந்த கிளாவேர் 1602-இல் இயேசு சபையில் சேர்ந்தார். மயோர்க்கா தீவின் கல்லூரியில் வாயிற்காவலராக இருந்த அல்போன்ஸ் ரொத்ரீகஸ் என்ற முதிய துறவிதான் அவரை அமெரிக்காவுக்குப் போகத் தூண்டினார். 1610-இல் கார்த்தஹேனாவில் இறங்கிய கிளாவேர் 1616-இல் இங்கேயே குருப்பட்டம் பெற்றார். 1622-இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, தன்னைக் கறுப்பின மக்களுக்கு என்றென்றும் அடிமை என்று எழுதிக் கையெழுத்திட்டார். 1654 செப்டம்பர் 8-இல் இறக்கும்வரை அந்தச் சொல்லிலிருந்து அவர் விலகவில்லை.

அவர் செய்தது என்ன என்பது ஓரளவு நுணுக்கமாகவே தெரியும். அவர் இறந்த சில ஆண்டுகளில், புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் அவருடன் வேலை செய்தவர்கள் சாட்சியம் அளித்தார்கள். கப்பல் வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும் பிஸ்கோத்து, எலுமிச்சை, புகையிலை, பிராந்தி ஆகியவற்றைச் சேகரித்துக்கொண்டு அவர் துறைமுகத்துக்குப் போவார். இறங்கியவர்களை ஒரு கொடிய பயம் ஆட்டிவைத்தது. வெள்ளையர்கள் தங்களைக் கொன்று உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கப்போகிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். கிளாவேர் முதலில் அந்தப் பயத்தைப் போக்கப் பார்ப்பார். சாகக் கிடப்பவர்களை மற்றவர்களுக்கு முன் கவனிப்பார். புண்ணைக் கழுவுவார், தன் மேலங்கியை நோயாளியின் அடியில் விரிப்பார். பிறகு கிடங்குகளுக்குப் போய் நாள்கணக்கில் மறைக்கல்வி கற்பிப்பார். ஞானஸ்நானம் கொடுக்கும்போது பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே பெயரை வைப்பார். புதிய பெயரை ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ளட்டும் என்பது நோக்கம். ஞானஸ்நானம் பெற்றதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஈயப் பதக்கம் ஒன்றைக் கட்டுவார். பாவசங்கீர்த்தனத்துக்கு அடிமைகள் முதலில், சீமாட்டிகள் பிறகு என்பது அவர் வைத்த வரிசை. சீமாட்டிகள் முகம் சுளித்தபோதும் அவர் அதை மாற்றவில்லை.

இதை யாரும் இலேசாக எடைபோட முடியாது. சரக்காக எண்ணப்பட்டவரின் அருகே மண்டியிட்டு அவர் பெயரைக் கேட்ட மனிதர் அந்தத் துறைமுகத்தில் அபூர்வம். ஆனால் அதே சாட்சியங்கள் வேறொன்றையும் சொல்கின்றன. ஆப்பிரிக்கர்கள் மேளம் கொட்டி ஆடிய கூட்டங்களையும் இறந்தவர்களுக்காக நடத்திய ஒப்பாரிச் சடங்குகளையும் கிளாவேர் கலைத்தார்; மேளங்களைப் பறித்துக்கொண்டார். உடம்பின் துன்பத்துக்கு உருகிய அவர், அவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நினைவுகளுக்கு இடம் தரவில்லை.

கிளாவேருக்கு இந்தத் தொண்டைக் கற்றுக்கொடுத்தவர் அலோன்சோ தே சந்தோவல். செவில்லியாவில் 1576-இல் பிறந்து லிமாவில் வளர்ந்த இவர் 1605-இல் கார்த்தஹேனாவுக்கு வந்தார். தமிழகத்து முத்துக்குளித்துறையில் பரதவரிடையே உழைத்த சவேரியாரின் வாழ்க்கை வரலாற்றை இவர் ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். அது 1619-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்கர்களின் ஆன்ம மீட்பைப் பற்றி 1627-இல் செவில்லியாவில் இவர் அச்சிட்ட நூல், அந்தக் காலத்து ஆப்பிரிக்க இனங்கள், மொழிகள், அடிமைக் கப்பல்களின் கொடுமை ஆகியவற்றைப் பற்றிய அரிய ஆவணம். கிளாவேர் செயல்வீரர் என்றால், சந்தோவல் கேள்வி கேட்டவர். அவர் கேட்ட முதல் கேள்வி ஞானஸ்நானத்தைப் பற்றியது.

லுவாண்டா போன்ற துறைமுகங்களில் கப்பல் புறப்படும்முன் கைதிகளுக்குக் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது வழக்கம். ஒரு பெயரைச் சொல்லி, நாக்கில் உப்பு வைத்து, தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுடைய மொழியில் யாரும் சொல்வதில்லை. கார்த்தஹேனாவில் இறங்கியவர்களிடம் சந்தோவல் ஒவ்வொருவராக விசாரித்தார். தலையில் தண்ணீர் விழுந்ததா, அதற்கு என்ன பொருள் என்று யாராவது சொன்னார்களா, அதை மனதார ஏற்றாயா என்பவை அவர் கேட்டவை. தங்களைக் கொல்வதற்குமுன் வெள்ளையர் செய்யும் மந்திரம் அது என்று சிலர் நினைத்திருந்தார்கள். வயது வந்த ஒருவர் புரிந்து சம்மதிக்காமல் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்பது திருச்சபையின் உறுதியான போதனை. எனவே பலருடைய ஞானஸ்நானம் செல்லாது அல்லது ஐயத்துக்குரியது என்று சந்தோவல் முடிவு செய்தார். முன்பு பெற்றது செல்லாததாக இருந்தால் இப்போது ஞானஸ்நானம் அளிக்கிறேன் என்ற நிபந்தனையுடன் மீண்டும் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டார். செவில்லியாவின் பேராயர் பேத்ரோ தே காஸ்த்ரோவும் 1614-இல் தன் மறைமாவட்டத்தில் இதே சிக்கலுக்கு விரிவான வழிமுறைகளை வெளியிட்டார்.

இரண்டாவது கேள்வியையும் சந்தோவல் கேட்காமல் இல்லை. இந்த மனிதர்கள் நியாயமாகத்தான் அடிமைகளாக்கப்பட்டார்களா? 1610-இல் லுவாண்டாவிலிருந்த இயேசு சபைக் கல்லூரித் தலைவர் லூயிஸ் பிரந்தாவோவுக்கு அவர் கடிதம் எழுதினார். வந்த பதில் கிறிஸ்தவ மனசாட்சியின் வரலாற்றில் மிக வருத்தம் தரும் ஆவணங்களில் ஒன்று. இதைப் பற்றி உங்களுக்கு உறுத்தல் வேண்டாம் என்றது அது. லிஸ்பனில் மனசாட்சி தொடர்பான வழக்குகளை ஆராயும் அரசவை மன்றம் இதில் குறை காணவில்லை. ஆயர்களும் கற்றவர்களும் எதிர்க்கவில்லை. பிரேசிலில் நம் சபையினரே இவர்களை வாங்குகிறார்கள். கைதிகளைக் கேட்டால் எல்லோரும் தாங்கள் அநியாயமாகப் பிடிபட்டதாகவே சொல்வார்கள். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வெளியேறும் துறைமுகத்தில், தவறாகப் பிடிபட்ட சிலரைத் தேடிப் பிரிப்பது முடியாத காரியம். அந்தச் சிலருக்காகப் பலருடைய ஆன்ம மீட்பை இழப்பது கடவுளுக்கு உகந்ததல்ல. பதிலின் சாரம் இதுதான். சந்தோவல் அதைத் தன் நூலிலேயே வெளியிட்டார். அதற்கு அப்பால் அவர் போகவில்லை.

அந்தக் காலத்து அறநூல் அறிஞர்களிடம் இதற்கு ஒரு சட்டகம் இருந்தது. நீதியான போரில் பிடிபடுதல், குற்றத்துக்குத் தண்டனை, கடும் பஞ்சத்தில் பெற்றோர் விற்றல், அடிமைத் தாய்க்குப் பிறத்தல் ஆகியவை அடிமைத்தனத்துக்குச் செல்லத்தக்க காரணங்களாகக் கொள்ளப்பட்டன. ஆப்பிரிக்கக் கரையில் நடப்பது பெரும்பாலும் இந்தக் காரணங்களுக்குள் அடங்காது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தோமாஸ் தே மெர்காதோ என்ற டொமினிக்கன் துறவி வணிகம் பற்றிய தன் நூலில் இதன் மோசடிகளையும் கொடுமைகளையும் 1569-இலேயே கண்டித்தார். இயேசு சபை அறிஞர் லூயிஸ் தே மொலினா வணிகர்களிடமே விசாரித்து, இந்த வியாபாரம் பெரும்பாலும் அநீதி என்று எழுதினார். ஆனால் கைமாறிக் கைமாறி வந்த ஒருவரை நல்லெண்ணத்தோடு வாங்கியவர், அநீதி உறுதியாக நிரூபிக்கப்படாதவரை வைத்துக்கொள்ளலாம் என்ற வாசலையும் அவர் திறந்து வைத்தார். அந்த வாசல் வழியாகத்தான் கார்த்தஹேனாவின் வாங்குவோர் எல்லோரும் நுழைந்தார்கள்.

இங்கேதான் முரண் தெளிவாகிறது. ஞானஸ்நானத்தில் ஐயம் வந்தபோது, ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்து, அவருடைய சொல்லை நம்பி, மீண்டும் செய்தார்கள். உடைமையில் ஐயம் வந்தபோது, அத்தனை பேரை விசாரிக்க முடியாது என்றும் அடிமையின் சொல்லை நம்பக்கூடாது என்றும் விட்டார்கள். தண்ணீர் தலையில் விழ ஒருவரின் சம்மதம் தேவை, விலங்கு காலில் விழத் தேவையில்லை என்றாயிற்று. அறியாமையால் இது நேரவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. ஐயத்தைத் தீர்க்கும் முறை அவர்கள் கையிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்தினால் திருச்சபையின் கல்லூரிகளும் தோட்டங்களும் உட்பட எல்லோருடைய பெட்டியிலும் கை வைக்க வேண்டியிருந்திருக்கும்.

கிளாவேரின் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். கப்பல் இன்று வந்து நிற்கிறது. அடித்தளத்தில் கிடப்பவர் நாளைக்குள் இறந்துவிடலாம். சட்டம் மாறும்வரை அவர் காத்திருக்க முடியாது. ஓர் எளிய துறவி வெளிப்படையாக எதிர்த்திருந்தால் அடுத்த கப்பலிலேயே ஊரைவிட்டு அனுப்பப்பட்டிருப்பார். கிடங்குகளுக்குள் நுழைய உரிமையாளர்கள் தந்த அனுமதியும் போயிருக்கும். ஆன்மாவின் நித்திய கதியே முதன்மை என்று மெய்யாக நம்பிய ஒருவருக்கு இந்தக் கணக்கு சரியாகவே பட்டிருக்கும். ஆனால் அந்தக் கணக்குக்கு விலை உண்டு. தேறிய உடம்பும் அடங்கிய மனமும் உள்ள அடிமையைச் சந்தை விரும்பியது. கருணையின் பலனில் ஒரு பங்கு, அதைச் செய்தவர் விரும்பாமலேயே, வியாபாரியின் கணக்கில் வரவாயிற்று.

மடத்தில் நிற்கும்போது துபாஷிகளையும் நினைக்க வேண்டும். கிளாவேருக்கு ஆப்பிரிக்க மொழிகள் பெரும்பாலும் தெரியாது. அங்கோலாவைச் சேர்ந்த அந்த்ரேஸ் சகபூச்சே போன்றவர்கள்தான் அவருடைய வாயும் செவியுமாக இருந்தார்கள். கப்பலில் முதல் ஆறுதல் வார்த்தை அவர்களுடைய குரலில்தான் போய்ச் சேர்ந்தது. இவர்கள் இயேசு சபைக் கல்லூரி விலைகொடுத்து வாங்கிய அடிமைகள். கிளாவேரின் புனிதத்துக்கு மிக நெருங்கிய சாட்சிகளாகப் பேசியவர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைச் சொந்தமாக வைத்துக்கொண்டே அவரைத் தொண்டில் பங்காளியாக்கிய அந்த ஏற்பாடு, இந்த நகரின் கேள்வியை ஒரே அறைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

பொலிவார் சதுக்கத்தில், பேராலயத்துக்கு அருகே, விசாரணை மன்ற மாளிகை நிற்கிறது. வேத விரோதத்தை விசாரிக்க ஸ்பானிய அமெரிக்காவில் லிமா, மெக்சிகோ ஆகிய இரண்டுக்கும் பிறகு 1610-இல் மூன்றாவதாக நிறுவப்பட்ட மன்றம் இது. இப்போதைய கட்டடம் 1770-இல் முடிந்தது. பக்கச் சுவரில் சிலுவைக்குக் கீழே ஒரு சிறு சன்னல் இருக்கிறது. அண்டை வீட்டாரைப் பற்றி இரகசியமாகப் புகார் கொடுத்த இடமாக அதைக் காட்டுகிறார்கள். இப்போது உள்ளே நகர வரலாற்று அருங்காட்சியகம் இயங்குகிறது. பழங்குடியினர் 1571 முதலே இத்தகைய மன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்கர்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதால் அவர்கள் மன்றத்துக்கு உட்பட்டவர்கள். துறைமுகத்தில் மீட்பு என்று கொடுக்கப்பட்ட அதே சடங்கு, இந்த மாளிகையில் குற்றம் சாட்டும் உரிமையாக மாறியது.

பவுலா தே எகிலூஸ் என்ற பெண்ணின் வழக்கு இதை நன்கு காட்டுகிறது. சாந்தோ தொமிங்கோவில் அடிமையாகப் பிறந்து கியூபாவில் வாழ்ந்த அவரைச் சூனியக்காரி என்று 1624-இல் இங்கே கொண்டுவந்து விசாரித்தார்கள். கசையடியோடு மருத்துவமனையில் ஊழியம் செய்யும் தண்டனையும் கிடைத்தது. மூலிகை அறிந்த அவர் அதன்பின் நகரம் நாடும் வைத்தியரானார்; பெரிய இடங்களிலிருந்தும் அவருக்கு அழைப்பு வந்தது. 1630-களில் மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டார். கிளாவேர் நோயாளிகளைத் தொட்டுக் கழுவியது புனிதம் என எழுதப்பட்டது; பவுலாவின் கைவைத்தியம் பேயோடு செய்த ஒப்பந்தம் என எழுதப்பட்டது.

நகருக்கு வெளியே சுமார் 150 மீட்டர் உயரமுள்ள போப்பா குன்றின்மேல் அகுஸ்தீன் துறவியர் 1607-இல் தொடங்கிய மடம் இருக்கிறது. அங்கிருந்த ஆட்டுக்கடா உருவத்தை ஒரு துறவி பாறையிலிருந்து உருட்டிவிட்டு மாதாவுக்குக் கோயில் எடுத்தார் என்பது தலபுராணம். பிப்ரவரி 2-இல் கந்தெலாரியா மாதா திருவிழாவுக்கு மக்கள் திரளாக மலையேறுகிறார்கள். கீழே சான் பெலிப்பே கோட்டையை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். 1741-இல் ஸ்பானியத் தளபதி பிளாஸ் தே லேசோவின் தலைமையில் ஆங்கிலேயக் கடற்படையைத் திருப்பியனுப்பிய பெருமை அதற்கு உண்டு. அந்தப் பக்கத்தில் இருந்த தொழுநோயாளர் இல்லத்துக்கும் கிளாவேர் அடிக்கடி போய்வந்தார்.

ஒரு நாள் ஒதுக்கக்கூடியவர்கள் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் பசிலியோ தே பலெங்கேவுக்குப் போக வேண்டும். நீதிக் கேள்விக்கு அடிமைகளே சொன்ன பதில் அங்கே இருக்கிறது. பெங்கோஸ் பியோஹோ என்பவர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்பி ஓடியவர்களைத் திரட்டி, வேலியிட்ட குடியிருப்பு அமைத்தார். ஆளுநர் சமாதானம் பேசினார். பிறகு 1621-இல் பெங்கோஸைப் பிடித்துக் கொன்றார்கள். கிளாவேர் தன்னைக் கறுப்பின மக்களின் அடிமை என்று எழுதிக்கொடுத்தது அதற்கு அடுத்த ஆண்டு. தப்பியோடியவர்களின் ஊர்கள் அழியவில்லை. ஸ்பானியச் சொற்களும் கிகொங்கோ மொழியின் சாயலும் கலந்த தனிமொழி பலெங்கேயில் இன்றும் பேசப்படுகிறது. கிளாவேர் கலைத்த அந்த ஒப்பாரியின் உறவாக, லும்பலூ என்ற சாவுச் சடங்கு அங்கே மேளத்தோடும் பாட்டோடும் ஒன்பது இரவுகள் நடக்கிறது. இந்த ஊரின் பண்பாட்டு வெளியை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது. கார்த்தஹேனாத் தெருக்களில் தலையில் பழத்தட்டுடன் நிற்கும் வண்ண உடைப் பெண்கள் இந்த ஊர்க்காரர்கள். பயணிகள் படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது அந்த வரலாற்றுக்குச் செய்யும் குறைவு.

அந்தக் காலத்தில் எந்தக் கிறிஸ்தவரும் அடிமைமுறையையே மறுத்திருக்க முடியாது என்று கிளாவேருக்காகச் சொல்லப்படுவதுண்டு. அவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகும்முன்பே அது பொய்யானது. கார்த்தஹேனாவிலிருந்து தாய்நாடு திரும்பும் கப்பல்கள் கூடும் ஹவானாவில், 1681-இல் பிரான்சிஸ்கோ ஹோசே தே ஹாகா, எபிபான் தே மொய்ரான் என்ற இரண்டு கப்புச்சின் துறவிகள் அந்த அடிமைமுறையை மறுத்தார்கள். ஆப்பிரிக்கர்கள் இயற்கைச் சட்டப்படி சுதந்திரர்கள். அவர்களை விடுதலை செய்து, அதுவரை வாங்கிய உழைப்புக்குக் கூலியும் கொடுக்காத உரிமையாளருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்றார்கள். நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்ற பழைய வாசலை அவர்கள் அடைத்துவிட்டார்கள். சந்தோவல் ஞானஸ்நானத்துக்குக் காட்டிய கண்டிப்பை இவர்கள் உடைமைக்கும் காட்டினார்கள், அவ்வளவுதான். இருவரும் கைதாகி ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார்கள். 1684-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரான லோரென்சோ தா சில்வா ரோமுக்கே போய் முறையிட்டார். 1686-இல் ரோமின் திருமன்றம் வன்முறையாலும் வஞ்சகத்தாலும் அடிமைப்படுத்துவதைக் கண்டித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தேவை என்றது. துறைமுகங்களில் எதுவும் மாறவில்லை.

கொலம்பியா 1851-இல் சட்டம் இயற்றி, 1852 தொடக்கத்தில் அடிமைமுறையை ஒழித்தது. அந்தச் சட்டம் இழப்பீடு கொடுத்தது உரிமையாளர்களுக்கு. கிளாவேருக்கு 1888-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் புனிதர் பட்டம் அளித்தார். மயோர்க்காவின் வாயிற்காவலர் அல்போன்ஸ் ரொத்ரீகஸும் அதே நாளில் புனிதரானார். கிளாவேரின் திருநாளான செப்டம்பர் 9 கொலம்பியாவில் மனித உரிமைகள் நாள். தேவாலயத்தின் முன்னே ஓவியர் என்ரிகே கிராவ் வடித்த வெண்கலச் சிலையில் அவர் ஓர் ஆப்பிரிக்கருடன் சேர்ந்து நடக்கிறார். ஹாகாவும் மொய்ரானும் எழுதிய வாதநூல்கள் செவில்லியாவின் இந்தியத் தீவுகள் ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்து, 1982-இல்தான் அச்சேறின.